ராமசாமியின் அடுப்பு

டிசம்பர் மாதம், கோத்தகிரி. மாலை நாலு மணிகூட ஆகவில்லை. ஜன்னலுக்கு வெளியே இருந்த தேயிலைத் தோட்டத்தைப் பனிமூட்டம் அப்படியே விழுங்கிவிட்டது. சமவெளி வெயிலில் முப்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு, ஓய்வுக்காலத்துக்கென்று நீங்கள் ஆசையாக வாங்கிய வீடு. சமையலறைச் சுவரில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு எலெக்ட்ரிக் ஓவன்களைப் பதித்திருக்கிறார்கள். எட்டு மாதமாக யாரும் தொடவில்லை. இன்றைக்குப் பேத்தி வந்திருக்கிறாள். கேக் மாவு கலக்கியாயிற்று. கீழ் ஓவனின் குமிழைத் திருகுகிறீர்கள். ஐந்து நிமிடம்... 'டப்!' வீடே இருட்டு!

கோவைக்குப் போன் போட்டால், "மலை மேலயா? பத்து நாள் ஆகும் சார். பழசுன்னா பேசாம புதுசு மாத்திடுங்க" என்று பதில் வருகிறது. புதுசு என்றால் சுளையாக லட்ச ரூபாய்க்கு மேல் வைக்க வேண்டும். பர்ஸைத் திறப்பதற்கு முன்னால் என்னோடு கொஞ்சம் பின்னோக்கி வாருங்கள். இந்த ஊரில் ஓவனோடு மல்லுக்கட்டிய முதல் ஆள் நீங்கள் இல்லை.

1819 ஜனவரியில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறி வந்தார். வந்தவர் மயங்கிப்போனார். கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்கில் அவர் கட்டிய பெத்தக்கல் பங்களாதான் நீலகிரியின் முதல் ஐரோப்பிய வீடு (செப்பனிட்டு, இப்போது சல்லிவன் நினைவகமாக இருக்கிறது). ஆம், ஊட்டிக்கு முன்பு கோத்தகிரி! அவரைத் தொடர்ந்து வெள்ளைக்காரர்கள் சாரிசாரியாக மலை ஏறினார்கள். குளிரைத் தேடித்தான் வந்தார்கள். வந்ததும் அந்தக் குளிரைத் தாங்க அறைக்கு அறை நெருப்பு மூட்டினார்கள். ரொட்டியும் கேக்கும் வேகவைக்க சமையல்கட்டில் செங்கல் ஓவன்.

நெருப்பு என்றால் விறகு. சோலைக்காடுகள் கோடாலிக்கு இரையாயின. விறகுப் பஞ்சம் வந்தபோது ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸையும் சீகை மரத்தையும் கொண்டுவந்து நட்டார்கள். யூகலிப்டஸ் இங்கே வந்தது 1843 வாக்கில். இன்றைக்கு வளைவுக்கு வளைவு காரை நிறுத்தி, "ஆஹா, என்ன இயற்கை!" என்று போட்டோ எடுத்துக்கொள்கிறோமே, அந்தக் கற்பூர மரக் காடுகள் முக்கியமாக அடுப்புக்காக வளர்க்கப்பட்டவை. ஒரு மலையின் முகத்தையே மாற்றிவிட்டது அடுப்பு!

அந்த அடுப்பின் முன்னால் நின்றது யார்? துரைசானி இல்லை. நம் ஆள்.

1878-இல் மதராஸில் ஒரு சமையல் புத்தகம் வெளியானது. 'கலினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ்' என்று பெயர். எழுதியவர் 'வைவர்ன்' என்ற புனைபெயரில் ஒளிந்துகொண்ட ராணுவ அதிகாரி, கென்னி-ஹெர்பர்ட். நாக்கு நீளமான, ரசனையுள்ள மனிதர். பிற்பாடு லண்டனில் சமையல் பள்ளியே நடத்தினார். புத்தகம் முழுக்க சமையல்காரரை அவர் ஒரே பெயரில்தான் குறிப்பிடுகிறார்: ராமசாமி. யாரோ ஒரு ராமசாமி இல்லை. மதராஸ் ராஜதானியில் வெள்ளைக்காரர் வீடுகளில் சமைத்த அத்தனை பேருக்கும் சேர்த்து அந்த ஒரே பெயர்! ஆனால், சும்மா சொல்லக்கூடாது, மனுஷர் நியாயஸ்தர். சமையல் கெட்டுப்போனால் ராமசாமியை மட்டும் திட்டாமல், வீட்டை விட்டு எட்டத்தில் அழுக்கும் புகையுமாக ஒரு கொட்டகையைக் கட்டிக்கொடுத்த எஜமானர்களையும் ஒரு பிடி பிடித்தார்.

செங்கல் ஓவன் எப்படி வேலை செய்யும் என்று பார்த்தால்தான் ராமசாமிகளின் கஷ்டம் புரியும். ஓவனுக்குள்ளேயே விறகை எரிக்க வேண்டும். செங்கல் சூட்டைக் குடித்ததும் தணலை வெளியே வாரிப்போட்டு, ஈரத்துணியால் தரையைத் துடைத்து, ரொட்டியை உள்ளே தள்ளி, கதவை அடைத்து, சந்துகளில் மண்ணையோ மாவையோ பூசிவிடுவார்கள். அதன்பிறகு நெருப்பு கிடையாது. செங்கல் சேர்த்து வைத்த சூடுதான். அது இறங்கிக்கொண்டே போகும். அதனால் முதலில் ரொட்டி, கொஞ்சம் தணிந்ததும் கேக், இன்னும் தணிந்ததும் பிஸ்கட், கடைசியில் ராத்திரி முழுக்க ரஸ்க் காயும். (ஈழத்தமிழர் இந்த அடுப்பைப் 'போறணை' என்பார்கள். போர்த்துக்கீசியர் 'ஃபோர்னோ' என்றதிலிருந்து வந்த சொல்.)

சூட்டை எதை வைத்து அளப்பது? கையை வைத்துத்தான்! உள்ளே கையை நீட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணுவது. எத்தனையாவது எண்ணில் கையை இழுத்துக்கொள்கிறோமோ அதுதான் டிகிரி. இல்லையென்றால் ஒரு வெள்ளைக் காகிதத்தையோ ஒரு சிட்டிகை மாவையோ போட்டு, எவ்வளவு நேரத்தில் பழுப்பாகிறது என்று பார்ப்பது. கரிந்தால் பொறு, பழுத்தால் ரொட்டி வை, லேசாக மஞ்சளித்தால் கேக். உலகம் முழுக்க விறகு அடுப்புக்காரர்களின் கணக்கு இதுதான்.

பிறகு விஞ்ஞானம் மூன்று வேலைகளைச் செய்தது. 1906-இல் அமெரிக்காவின் ஆல்பர்ட் மார்ஷ், நிக்கலும் குரோமியமும் கலந்த கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார். செக்கச்செவேலென்று காய்ந்தாலும் எளிதில் பொசுங்காத கம்பி! விறகுக்கு மாற்று கிடைத்தது. 1922-இல் ஸ்வீடன் நாட்டின் குஸ்தாஃப் டாலேன், ஒரே நெருப்பில் இரண்டு ஓவன்கள் இயங்கும் 'ஆகா' அடுப்பை உருவாக்கினார். ஒன்று நல்ல சூடு, இன்னொன்று மிதமான சூடு. ரொட்டிக்குப் பிறகு கேக்குக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இதில் உருக்கமான விஷயம்: டாலேன் இயற்பியலுக்காக நோபல் பரிசு பெற்றவர், பரிசு கிடைத்த அதே 1912-இல் ஒரு வெடிவிபத்தில் பார்வையை இழந்தவர். வீட்டில் முடங்கியிருந்தபோது, அடுப்போடு மனைவி படும் பாட்டைக் காதால் கேட்டே உணர்ந்தார் என்பார்கள். மூன்றாவது, தெர்மோஸ்டாட். 1923-இல் இங்கிலாந்தில் 'ரெகுலோ' என்ற திருகு குமிழ் கேஸ் அடுப்பில் வந்தது. எண்ணுக்கு நேராகத் திருப்பி வைத்தால் சூடு அங்கேயே நிற்கும். ராமசாமியின் கை ஓய்வு பெற்றது. 1932-இல் நம் பைக்காராவில் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. நீலகிரியில் மின்சாரத்துக்கும் பஞ்சமில்லை என்றாயிற்று.

சரி, இருட்டில் உட்கார்ந்திருக்கும் உங்களிடம் வருகிறேன்! உங்கள் சுவரில் இருப்பது என்ன? சூடு தரும் கம்பி, சூட்டை அடைத்து வைக்கும் கதவு, சூட்டை அளக்கும் கருவி. ராமசாமியிடம் இருந்த அதே மூன்றுதான். கூடவே ஒரு கடிகாரம்.

முதலில் அந்த 'டப்'. ஓவனின் கம்பி, ஒரு உலோகக் குழாய்க்குள் மக்னீசியம் ஆக்ஸைடு என்கிற வெள்ளைப் பொடிக்கு நடுவில் இருக்கிறது. அந்தப் பொடிக்கு ஒரு கெட்ட பழக்கம், ஈரத்தை உறிஞ்சும். கோத்தகிரியில் மழையும் பனியுமாக எட்டு மாதம் ஓவனைச் சும்மா விட்டால் கேட்க வேண்டுமா? ஈரத்தின் வழியே துளி மின்சாரம் உலோக உடலுக்குக் கசியும். உயிர் காக்கும் ஈ.எல்.சி.பி. உடனே வீட்டையே அணைத்துவிடும். அது பழுது அல்ல, அதன் கடமை! "அதை பைபாஸ் பண்ணிடலாம் சார்" என்று யாராவது சொன்னால், டீ வாங்கிக் கொடுத்து வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள். ஓவனின் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு ஈ.எல்.சி.பி.யைத் திரும்ப மேலே தள்ளினால், பெரும்பாலும் மற்ற வீட்டுக்கு விளக்கு வந்துவிடும். அப்புறம், கையில் மெக்கர் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, கசியும் எலிமெண்ட் எது என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரம் மட்டும்தான் என்றால் காயவைத்ததும் சரியாகிவிடும். இல்லையென்றால் மாற்ற வேண்டியது அந்த எலிமெண்டை மட்டும்தான், சுவரை இடித்து ஓவனையே அல்ல. சரியானபின் மாதம் ஒருமுறை அரைமணி நேரம் காலியாக ஓடவிடுங்கள்.

ஓவன் சூடே ஆகவில்லையா? கடிகாரம் கண் சிமிட்டுகிறதா பாருங்கள். கரண்ட் போய் வந்தபின் நேரத்தைச் சரிசெய்தால்தான் பல ஓவன்கள் வேலை செய்யும். இதற்காக மெக்கானிக்கை மலை ஏற்றிக் காசு அழுதவர்கள் நிறைய!

இரட்டை ஓவனில் ஒரு சௌகரியம், அதுவே துப்புக் கொடுக்கும். ஒன்று மட்டும் செத்திருந்தால் அதன் எலிமெண்ட் அல்லது சென்சாரைச் சந்தேகப்படலாம். 2000 வாட் எலிமெண்ட் என்றால், கரண்டை முழுதாகத் துண்டித்துவிட்டு மல்டிமீட்டரால் அளந்தால் சுமார் 26 ஓம் காட்ட வேண்டும். முள்ளோ எண்ணோ அசையவே இல்லையென்றால் கம்பி அறுந்துவிட்டது. இரண்டுமே ஒன்றாகச் செத்திருந்தால் வரும் லைன், பொதுவான போர்டு, அல்லது சூடு மிஞ்சினால் அணைக்கும் கட்-அவுட். கட்-அவுட் அடிக்கடி விழுந்தால் ஆசாரி செய்த அலமாரியைப் பாருங்கள். பின்னால் காற்றுப் போக வழி விட்டிருக்க மாட்டார்! அணைத்த பின்னும் ஃபேன் ஓடுகிறதே என்று பதற வேண்டாம். அது அப்படித்தான் ஓட வேண்டும்.

கேக் ஒரு பக்கம் வெந்து ஒரு பக்கம் வேகவில்லையா? ராமசாமியின் காகிதத்தை எடுங்கள். கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். பிடிமானம் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் கேஸ்கட் தளர்ந்திருக்கிறது. பெரும்பாலான ஓவன்களில் கொக்கியில் மாட்டிய ரப்பர்தான். ஆறிய பின் நீங்களே மாற்றலாம். அவர்கள் மண் பூசி அடைத்த அதே சந்து!

குமிழில் 180 என்று வைத்தும் கருகினால், நூற்றுக்கணக்கில் கிடைக்கும் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்றை நடுத்தட்டில் வைத்து, அரைமணி கழித்து இரண்டு மூன்று முறை பாருங்கள். சில சமயம் உள்ளேயிருக்கும் மெல்லிய சென்சார் குழாய் கிளிப்பிலிருந்து நழுவியிருக்கும். திரும்ப மாட்டினால் தீர்ந்தது. நேர்மாறாக, சூடு போதவில்லையென்றால் வோல்டேஜையும் பாருங்கள். 230-க்குப் பதில் 180 வந்தால் எலிமெண்டின் சக்தி அறுபது சதவீதமாக விழுந்துவிடும். பாவம், ஓவன் என்ன செய்யும்?

எல்லாம் சரியாக இருந்தும் கேக் பொங்கி, நடுவில் பள்ளமாக அமுங்கினால்? அது ஓவன் குற்றமே இல்லை. சுமார் ஆறாயிரம் அடி உயரம்! காற்றழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, தண்ணீரே 94 டிகிரியில் கொதித்துவிடும். வாயு அவசரமாக விரிந்து, மாவு இறுகுவதற்குள் ஓடிவிடுகிறது. பேக்கிங் பவுடரைக் கொஞ்சம் குறைத்து, பாலை ஒரு ஸ்பூன் கூட்டி, சூட்டைப் பத்து டிகிரி ஏற்றுங்கள். சென்னைச் சமையல் குறிப்பு இங்கே செல்லாது.

'பழுதுபார்ப்பது' என்ற சொல்லுக்கு கோத்தகிரியில் தனி மரியாதை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊரின் பெயரே கோத்தர்களால் வந்தது. கோத்தர் வாழும் தெரு என்ற பொருளில் 'கோத்தகேரி'. கொல்லு வேலை, தச்சு, மண்பாண்டம் மூன்றும் அவர்கள் கையில். பானை வனைவது பெண்கள். படுகருக்கும் தோடருக்கும் அரிவாள், மண்வெட்டி, பாத்திரம் செய்து கொடுத்ததும், முனை மழுங்கினால் திரும்ப உலையில் வைத்துத் தட்டிக்கொடுத்ததும் அவர்கள்தான். பதிலுக்குத் தானியமும் நெய்யும் வந்தன. சந்தையில் மலிவான இரும்புச் சாமான்கள் வந்து குவிந்ததும் அந்த உலைகளுக்கு வேலை குறைந்தது. 'புதுசு மாத்திடுங்க' என்ற குரல் கோத்தகிரிக்கு அப்போதே வந்துவிட்டது.

எலெக்ட்ரீஷியன் வருவதற்குள் பேத்தி அழாமலிருக்க வேண்டுமே! மேல் ஓவனுக்குத் தனி ஸ்விட்ச் இருந்து, அதைப் போட்டு 'டப்' கேட்கவில்லையென்றால் கேக்கை மேலே வையுங்கள். அதுவும் மறுத்தால் கடைக்குப் போய் வர்க்கி வாங்கி வாருங்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ஊட்டி வர்க்கி. விறகு அடுப்பில் சுட்டதா என்று கேட்டு வாங்குங்கள். அந்த பேக்கரிக்காரர் இன்னமும் கையை வைத்துத்தான் சூடு பார்க்கிறார்.