ஆடத்தக்க பழைய கணினி விளையாட்டுக்கள்

விளையாட்டு வினையாகும் என்பது நம் முன்னோர் வாக்கு. கைத்தொலைபேசியைக் குனிந்து நோக்கியபடியே மாலைப்பொழுதைக் கழிக்கும் பிள்ளைகளைக் காணும் பெற்றோருக்கு இவ்வாக்கு அடிக்கடி நினைவுக்கு வருகின்றது. தாராபுரத்திலும் அயலூர்களிலும் இதுவே கதை. எனினும் கணினி விளையாட்டுக்கள் அனைத்தையும் ஒரே தராசில் இட்டு விலக்குதல் நியாயமன்று என்பது எமது கருத்து. இன்று இலவசமென வருவன பலவும் இடையிடையே விளம்பரம் காட்டியும், தோற்றவனிடம் காசு கேட்டும் பிழைக்கின்றன. பழையவற்றுள்ளும் காசு போட்டு ஆடும் கடைகளுக்கென எழுந்தவை உண்டு. அவற்றை ஈண்டு விடுத்தோம்.

மணலிற் கட்டங் கீறி, சிறு கற்களை வைத்து, நாயும் புலியும் ஆடியோர் இன்றும் நம்மிடையே உளர். புலி பாய்ந்து நாயை வெட்டும். நாய்கள் சூழ்ந்து புலியை மறிக்கும். வேண்டுவன சில கற்களும் சில விதிகளுமே. கணினி விளையாட்டின் தொடக்கமும் ஏறத்தாழ இத்தகையதே. 1952இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் என்பவர், ஓர் அறையை நிறைத்து நின்ற எட்சாக் என்னும் கணினியில், புள்ளடியும் வட்டமும் இடும் விளையாட்டை அமைத்தார். 35க்கு 16 என்ற கணக்கில் அமைந்த 560 ஒளிப்புள்ளிகளே திரை. எந்தக் கட்டத்தில் இடுவது என்பதைத் தெரிவிக்க, ஆடுபவர் தொலைபேசி எண்வட்டைச் சுழற்றினார்!

ஆடத்தக்கவற்றுள் முதலிடம் ரெட்ரிஸ் விளையாட்டுக்கே உரியது. 1984இல், மொஸ்கோவில் சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணினி நிலையத்திற் பணியாற்றிய அலெக்சி பஜித்னோவ் இதனை ஆக்கினார். அவருக்குக் கிடைத்த கணினியாற் படம் வரைய இயலாது. ஆகவே எழுத்துக்களுடன் வரும் அடைப்புக்குறிகளையே அடுக்கிச் சதுரங்களாக்கினார். நான்கு சதுரங்கள் சேர்ந்த ஏழு வடிவங்கள் மேலிருந்து விழும்; அவற்றைத் திருப்பி இடைவெளியின்றி அடுக்க வேண்டும்; நிரம்பிய வரிசை மறைந்துவிடும். சிறுபிள்ளைக்கும் ஒரு நிமிடத்திற் புரியும். இதனை ஐ.பி.எம். கணினிக்கு மாற்றியமைத்த வாடிம் கெராசிமோவ் அப்போது 16 வயதுப் பாடசாலை மாணவன் என்பதை இளைஞர்கள் கவனிப்பார்களாக. உலகமெங்கும் விற்பனையாகியும், உரிமை அரசின் கையில் இருந்தமையால், 1996 வரை பஜித்னோவுக்கு உரிமைப்பணம் கிட்டவில்லை.

அடுத்தது, 1989இல் வெளிவந்த பிரின்ஸ் ஒவ் பேர்சியா. சிறையில் அடைபட்ட வீரன் ஒரு மணி நேரத்துள் இளவரசியை மீட்டாக வேண்டும். இதனை ஆக்கிய ஜோர்டன் மெக்னர், தம் தம்பியை வெள்ளை உடையில் ஓடவும் தாவவும் செய்து படம்பிடித்து, அவ்வசைவுகளைப் பார்த்தே வீரனை வரைந்தார். எதிரிக்கெனத் தனி உருவம் வரையக் கணினியின் நினைவகத்தில் இடம் போதவில்லை. என்ன செய்தார்? வீரனின் உருவத்தையே சிறிது மாற்றி, ஒரு நிழல் மனிதனை உண்டாக்கினார். கண்ணாடியினூடே வீரன் பாயும்போது அந்நிழல் பிரிந்து ஓடுகின்றது. பின்னர் வாளுடன் எதிரே வந்து நிற்கின்றது. அதனை வெட்டினாற் காயம் படுவது வீரனுக்கே. இதிலிருந்து தப்பும் வழியைச் சொல்லிவிட்டால் ஆடுவோரின் இன்பம் கெடும், ஆதலாற் சொல்லோம்.

வசதிக் குறைவே இவ்விரண்டையும் சிறப்பித்தது என்பது எம் துணிபு. படத்தைக் காட்டி மயக்க வழியில்லாதபோது, ஆட்டத்தின் அமைப்பே ஆளைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று. அதனாலேயே ஆண்டுகள் பல கழிந்தும் அவை சலிக்கவில்லை. ஆனால் ஒன்றை மறைத்தலாகாது: ரெட்ரிசும் இரவுகளை விழுங்க வல்லது. பரீட்சைக் காலத்தில் அதனைத் தொடாதிருத்தல் நன்று.

பெரியோருக்கும் ஒரு சொல். 1997இல் பின்லாந்து நாட்டவரான ரனெலி அர்மான்ரோ, நொக்கியா 6110 தொலைபேசிக்கெனப் பாம்பு விளையாட்டை அமைத்தார். பின்வந்த நொக்கியாக்கள் பலவற்றிலும் அது இடம்பெற்றது. இன்று மகனைக் கண்டிக்கும் தந்தையாரும் ஒருகாலத்தில் அந்தப் பாம்பை இரவிரவாக வளர்த்தவராயிருக்கலாம். பழைய பொத்தான் தொலைபேசி ஏதும் வீட்டு அலுமாரியிற் கிடந்தால், மின்னேற்றிப் பாருங்கள். பாம்பு இன்னும் அங்கே இருக்கக்கூடும்.