கண்மாய் காப்பாற்றிய கிழங்கு

மலருக்கு ஊர் வரலாறு எழுதச் சொன்னார்கள். நான் பத்தாவது வரை படித்தவள். எனக்குத் தெரிந்த கொட்டிக்கிழங்கின் கதையை எழுதுகிறேன்.

எங்கள் இராமநாதபுரம் பக்கம் மழைத் தண்ணியைத் தேக்கும் கண்மாய்தான் உயிர். தண்ணி நிற்கும்போது கொட்டியின் நீள இலை மேலே மிதக்கும். தண்ணி வற்றினால் இலை காய்ந்துபோகும், கிழங்கு மட்டும் மண்ணுக்குள் கிடக்கும். மழை பெய்ததும் மறுபடி துளிர்க்கும். குளம் வற்றினால் பறந்துபோகும் பறவை உறவல்ல, கூடவே கிடக்கும் கொட்டி, ஆம்பல், நெய்தல்தான் உறவு என்று மூதுரையில் ஔவையார் சொல்கிறார். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தேன். அது நம்ம கண்மாய்க் கொட்டிதான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் செத்துப்போனார்கள். அந்த மாதிரி காலத்தில் காட்டுக்கிழங்கும் கீரையும் தேடிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த பொம்பளைகளின் பெயரை யார் எழுதி வைத்தார்கள்?

என் அப்பத்தா வாலிபத்திலும் மழை பொய்த்ததாம். பொம்பளைகள் சேர்ந்து கண்மாய்க்குள் இறங்கி, குச்சியால் கிளறி எடுப்பார்களாம். எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டி, பங்கு வைப்பார்களாம். பிள்ளை பெற்று வீட்டில் கிடப்பவளுக்கும் ஒரு பங்கு உண்டு. பொடிக் கிழங்கை மண்ணிலேயே விட்டுவிட வேண்டும். அதுதான் அடுத்த வருஷத்து விதை. கழுவி, உப்புப் போட்டு அவித்து, தோலை உரித்துத் தின்பார்கள்.

அப்பத்தா அவித்துக் கொடுத்ததை நான் ஒருநாள் பள்ளிக்கூடம் கொண்டுபோனேன். "பஞ்சத்துச் சோறு" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து, "இனிமே இதை அவிக்காதே"ன்னு கத்தினேன். அப்பத்தா ஒண்ணும் பேசலை. அதுக்கப்புறம் அவிக்கவும் இல்லை. இன்று அப்பத்தா இல்லை.

நம் மகளிர் குழுத் திட்டம் 1989-ல் தருமபுரியில் தொடங்கியது என்று பயிற்சியில் சொன்னார்கள். சரிதான். ஆனால் ஒரே குவியல், சமப் பங்கு, வர முடியாதவளுக்கும் பங்கு, விதையில் கை வைக்காதது எல்லாம் அதுக்கு முன்னாடியே நம் கண்மாய்க்குள் நடந்திருக்கிறது.

இப்போது எங்கள் கண்மாயில் சீமைக்கருவேலம்தான் நிறைய. கொட்டி ஒரு மூலையில் மட்டும் இருக்கிறது. தூர் வாரும்போது அந்த மூலையை விட்டுவிடச் சொல்லி எங்கள் குழுவில் தீர்மானம் எழுதியிருக்கிறோம். உங்கள் ஊரிலும் பாருங்கள். வயசான அம்மாமார்களிடம் இன்றே கேட்டு வையுங்கள். நான் கேட்காமல் விட்டேன்.