ஐந்தெழுத்துப் புதிரில் முதல் சொல்

வேர்டில் என்னும் தினசரிப் புதிரில், மறைந்திருக்கும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஆறு முயற்சிகளுக்குள் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்து உரிய இடத்தில் இருந்தால் பச்சை, சொல்லில் இருந்தும் இடம் தவறினால் மஞ்சள், இல்லவே இல்லையென்றால் சாம்பல் என ஒவ்வொரு முயற்சிக்கும் நிறங்கள் பதில் சொல்லும். இரண்டாம் சொல் முதல் கடைசிச் சொல் வரை எல்லாமே துப்பைப் பின்தொடர்ந்து வருபவை. முதல் சொல்லுக்குத் துப்பு கிடையாது. ஆற அமர யோசித்து முன்கூட்டியே தேர்ந்துவைக்கக்கூடிய சொல் அது ஒன்றுதான். அதை எப்படித் தேர்வது என்ற ஆராய்ச்சி வேர்டில் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது.

1955இல் அமெரிக்காவில் வெளிவந்த ஜாட்டோ என்ற ஆட்டத்தில் இருவர் ஆளுக்கொரு ஐந்தெழுத்துச் சொல்லை மறைத்துவைப்பார்கள். எதிராளி ஒரு சொல்லைச் சொன்னால், அதிலுள்ள எழுத்துகளில் எத்தனை தன் சொல்லில் உள்ளன என்ற எண்ணிக்கை மட்டுமே பதிலாக வரும். எவை, எங்கே என்பது தெரியாது. 1987இல் தொடங்கிய லிங்கோ என்ற தொலைக்காட்சிப் போட்டியில் முதல் எழுத்தைக் காட்டிவிட்டு ஐந்து வாய்ப்புகள் தந்தார்கள். அங்கே ஒரே சொல்லை எப்போதும் முதல் ஊகமாக வைத்துக்கொள்ள வழியில்லை.

முதல் ஊகம் கணிதத்தின் கைக்கு வந்தது சொல்லே இல்லாத ஓர் ஆட்டத்தின் வழியாக. இஸ்ரேலைச் சேர்ந்த மொர்தெகாய் மெய்ரோவிட்ஸ் உருவாக்கிய மாஸ்டர்மைண்ட், 1970களில் உலகெங்கும் விற்றது. ஆறு நிறங்களிலிருந்து நான்கு இடங்களை நிரப்பினால் 1,296 அமைப்புகள் கிடைக்கும். மறைந்திருப்பது அவற்றில் ஒன்று. கணினி அறிவியலாளர் டொனால்ட் நூத் 1977இல் வெளியிட்ட கட்டுரையில், எந்த அமைப்பையும் ஐந்து ஊகங்களுக்குள் கண்டுபிடிக்கும் முறையைக் காட்டினார். அவருடைய முதல் நகர்வு பலருக்கும் தோன்றாத ஒன்று. நான்கு வெவ்வேறு நிறங்களோடு தொடங்கினால் அதிகச் செய்தி கிடைக்கும் என்றே மனம் சொல்லும். கணக்கு வேறு மாதிரி வந்தது. நான்கும் வேறுவேறாக இருந்தால், பதில் மிக மோசமாக வரும்போது 312 அமைப்புகள் மிஞ்சுகின்றன. ஒரு நிறத்தில் இரண்டு, இன்னொரு நிறத்தில் இரண்டு என்று தொடங்கினால் 256தான் மிஞ்சுகின்றன. ஓர் ஊகம் தவறிப்போகும்போது எத்தனை சாத்தியங்களைக் கழித்துவிடுகிறது என்பதே அதன் மதிப்பு என்ற பார்வை இங்கே தெளிவாக உருப்பெற்றது. முதல் ஊகத்தின் வரலாற்றில் இதைவிட முக்கியமான திருப்பம் இல்லை.

இன்னொரு மரபு எழுத்துகளின் புழக்கத்தைப் பற்றியது. ஆங்கிலத்தில் அதிகம் வரும் எழுத்து ‘இ’. மோர்ஸ் தந்திக் குறியீட்டில் அதற்கு ஒற்றைப் புள்ளி கிடைத்ததும், லைனோடைப் அச்சுக்கோப்பு இயந்திரத்தின் விசைகள் இ, டி, ஏ, ஓ, ஐ, என் என்ற வரிசையில் அமைந்ததும் இந்த அறிவினால்தான். ஆனால் இந்த வரிசையை அப்படியே புதிருக்குக் கொண்டுவந்தால் பிழையாகும். ஓடும் உரைநடையில் ‘த’ என்ற சுட்டுச்சொல் திரும்பத் திரும்ப வருவதால் டி, ஹெச் இரண்டும் மேலேறி நிற்கின்றன. ஐந்தெழுத்துச் சொற்களின் பட்டியலில் ஒவ்வொரு சொல்லும் ஒரு முறைதான் வரும்; அங்கே ஹெச் கீழிறங்கி, ஆர், எல் ஆகியவை மேலே வருகின்றன.

வேல்ஸில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த மென்பொறியாளர் ஜோஷ் வார்டில், தம் துணைவி பாலக் ஷாவுக்காகச் செய்த ஆட்டம் வேர்டில். ஏறத்தாழ 12,000 ஐந்தெழுத்துச் சொற்களில் பழக்கமானவை எவை என்று ஷாவே பிரித்துக் கொடுத்தார். அதன் பயனாக ஆட்டத்துக்குள் இரண்டு பட்டியல்கள் அமைந்தன: விடையாக வரக்கூடிய 2,315 சொற்கள், ஊகமாக ஏற்கப்படும் ஆனால் விடையாக வராத பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரிய சொற்கள். 2021 நவம்பர் 1 அன்று ஆடியவர்கள் 90 பேர். 2022 ஜனவரி தொடக்கத்தில் மூன்று லட்சம் பேர். அந்த மாதக் கடைசியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் ஆட்டத்தை வாங்கிவிட்டது.

புதிதாக வந்தவர்களில் பெரும்பாலோர் உயிரெழுத்துகளைத் தேடி ஓடினார்கள். ஐந்தில் நான்கு உயிர்களைக் கொண்ட ‘அடியூ’, ‘ஆடியோ’ ஆகிய சொற்கள் பெரிதும் பரவின. அந்த ஈர்ப்பு புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனாலும் அது நல்ல தொடக்கம் அல்ல. உயிரெழுத்து இல்லாமல் ஆங்கிலச் சொல் அமைவது அரிது என்பதால், ஓர் உயிர் உண்டு என்று அறிந்தும் மிஞ்சும் கூட்டம் பெரிதாகவே இருக்கும். ஒரு சொல்லை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் மெய்தான். பேட்ச் (batch), கேட்ச், ஹேட்ச், லேட்ச், மேட்ச், பேட்ச் (patch), வாட்ச் ஆகிய ஏழு சொற்களின் எழுத்துக்கூட்டலில் மாறுவது முதல் மெய் மட்டுமே. இடத்துக்கும் பங்கு உண்டு. விடைப் பட்டியலில் 366 சொற்கள் எஸ்ஸில் தொடங்க, அதில் முடிபவையோ 36தான். எளிய பன்மைகளைப் பட்டியல் தவிர்த்ததே காரணம். ‘இ’யில் முடிபவை 424. ‘ஸ்லேட்’ போன்ற சொல் இவ்விரு இடங்களையும் ஒருசேரத் தொடுகிறது.

இணையப் பக்கத்தின் நிரலுக்குள்ளேயே பட்டியல்கள் இருந்ததால், யாரும் அவற்றை எடுத்துக் கணக்கிட முடிந்தது. கணிதக் காணொளிகளால் அறியப்பட்ட கிராண்ட் சாண்டர்சன் 2022 பிப்ரவரியில், கிளாட் ஷானன் 1948இல் வகுத்த செய்திக் கோட்பாட்டைக் கொண்டு இதை விளக்கினார். ஐந்து இடங்களும் மூன்று நிறங்களும் சேர்ந்து 243 நிறக்கோலங்களைத் தரும். நான்கு பச்சையோடு ஒரு மஞ்சள் வர வழியில்லாததால் உண்மையில் 238. எந்தச் சொல் விடைகளை இந்தக் கோலங்களுக்குள் ஓரளவு சமமாகப் பிரித்துப் போடுகிறதோ அது அதிகச் செய்தி தருகிறது. அவர் முதலில் ‘க்ரேன்’ என்றார். ஒரே எழுத்து இருமுறை வரும்போது நிறம் தருவதில் தம் நிரலில் சிறு பிழை இருந்ததைக் கண்டு, அடுத்த காணொளியில் அந்த முடிவைத் திருத்தினார்.

அளவுகோல் மாறினால் வெற்றிபெறும் சொல்லும் மாறியது என்பதுதான் இந்த ஆய்வுகளின் சுவையான பகுதி. நூத் வழியில் மோசமான நிலையைப் பார்த்தால் ‘ரெய்ஸ்’ (raise) முன்னே நின்றது. அதன் பின் அதிகபட்சம் 168 சொற்களே மிஞ்சும். ஷானன் வழியில் ‘சோர்’ என்னும் பழஞ்சொல் முந்தியது. இரண்டுமே முதல் அடியை மட்டும் அளப்பவை. ஆட்டத்தைக் கடைசி வரை எல்லாக் கிளைகளிலும் ஆடிப் பார்த்தபோது கிடைத்தது ‘ஸாலெட்’, நடுக்கால ஐரோப்பியப் போர்வீரர்களின் தலைக்கவசம் ஒன்றின் பெயர். அலெக்ஸ் செல்பி என்பவரின் கணக்கில் சராசரி 3.4212 முயற்சிகள். எம்ஐடியின் திமித்ரிஸ் பெர்ட்ஸிமாஸ், அலெக்ஸ் பாஸ்கோவ் இருவரும் வேறு முறையில் அதே சொல்லுக்கு வந்துசேர்ந்தார்கள். ஸாலெட் விடைப் பட்டியலில் இல்லை. முதல் முயற்சியிலேயே வெல்லும் வாய்ப்பை முற்றிலும் கைவிட்ட சொல்லே சராசரியில் எல்லாவற்றையும் விஞ்சியது.

கிடைத்த துப்புகளை அடுத்த ஊகத்தில் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்ற கடின முறையில் முதல் சொல்லின் கனம் கூடுகிறது. சாதாரண முறையில், மேற்சொன்ன ஏழு சொற்களில் ஒன்று விடை என்று தெரிந்தால், பி, சி, எல், எம் போன்ற மெய்களைச் சோதிக்க வேறொரு சொல்லைப் போட்டுப் பார்க்கலாம். கடின முறையில் அந்த வழி அடைபட்டிருப்பதால், மெய்களை முன்கூட்டியே சோதித்துவிடும் தொடக்கம் தேவைப்படுகிறது.

நியூயார்க் டைம்ஸ் 2022 ஏப்ரலில், ஆடி முடித்தவரின் ஒவ்வொரு நகர்வையும் மதிப்பிடும் கருவி ஒன்றை வெளியிட்டது. தொடக்கத்தில் அது பரிந்துரைத்த சொல் க்ரேன், பின்னர் ஸ்லேட். அதே ஆண்டு நவம்பரில் ட்ரேசி பென்னட் புதிரின் பதிப்பாசிரியராக அறிவிக்கப்பட்டார். அதன்பின் விடைகளை ஒரு மனிதர் பார்த்துத் தேர்கிறார். பட்டியலில் சொற்கள் நீங்குவதும் சேர்வதும் உண்டு. 3.4212 என்ற எண் பழைய 2,315 சொற்களும் சம வாய்ப்புடையவை என்ற அடிப்படையில் வந்தது. அந்தப் பட்டியலிலும்கூட ஸாலெட்டுக்கும் ஸ்லேட்டுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு முயற்சியில் நூற்றில் ஒரு பங்கை எட்டவில்லை.