கோர்வை கிடைக்காத அகராதி

ஓரிக்கைப் பக்கம் தறிச்சொற்களைச் சேகரித்து, பைத்தானில் ஒரு சின்ன அகராதியாகப் போட்டு வைத்திருக்கிறேன். ஒருநாள் 'கோர்வை' என்று தேடினால், இல்லை என்றது. சேலையின் உடலையும் கரையையும் வேறுவேறு நிறத்தில் நெய்து தறியிலேயே பிணைக்கிற வேலை அது. காஞ்சிபுரத்தில் அந்தச் சொல் இல்லாமல் போகுமா?

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தது, உள்ளே இரண்டு. 'கோ'வின் துணைக்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். இரட்டைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். முதல் வழியில் கோர்வைக்கு 6 குறியீடுகள், அடுத்ததில் 7. இரண்டும் சமம் என்கிறது யூனிகோட். பைத்தானின் டிக்டுக்கு அவை வேறுவேறு சாவிகள்.

தேடுகிறவர் எந்த வடிவில் வருவார் என்பது பழைய சிக்கல்தான். நிகண்டுகளில் சொற்கள் பொருள்வகைப்படி செய்யுளாக இருக்கும். திவாகரத்தில் 12 தொகுதிகள். மனப்பாடம் பண்ணினவருக்குத்தான் அது சட்டென்று திறக்கும். 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியில் அகரவரிசையைக் கையாண்டு, பெயர், பொருள், தொகை, தொடை என்று நாலு வாசல் வைத்தார்.

பைத்தானிலும் வாசல் மெதுவாகத்தான் திறந்தது. ஆரம்பத்தில் டிக்டிலிருந்து நம் வகுப்பை நேரடியாகப் பிறப்பிக்க முடியாது. அதை உள்ளே பொதிந்த யூசர்டிக்ட் என்ற வகுப்புதான் கதி. 2001 டிசம்பரில் வந்த 2.2 பதிப்பு அந்தத் தடையை நீக்கியது. 2006இல் 2.5 பதிப்பு 'மிஸ்ஸிங்' என்ற சிறப்பு முறையைத் தந்தது: சாவி கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று நாமே சொல்லலாம்.

நானும் அதைத்தான் எழுதினேன்: கிடைக்காத சொல்லை ஒற்றைக்குறி வடிவுக்கு மாற்றி மறுபடி தேடு. சதுர அடைப்புக்குள் கேட்டால் கோர்வை வந்தது. 'கெட்' மூலம் கேட்டால் வரவில்லை! காரணம், டிக்டின் கெட் நேராக உள்ளே போய்ப் பார்த்துவிடும், மிஸ்ஸிங்கைக் கூப்பிடாது. தேடும் முறையையே நாம் மாற்றி எழுதினாலும் கண்டுகொள்ளாது. வேகத்துக்காகச் செய்த ஏற்பாடு.

கடைசியில் பழைய யூசர்டிக்டுக்கே திரும்பினேன். இப்போது அது கலெக்‌ஷன்ஸ் தொகுப்பில் இருக்கிறது. அதன் கெட் நம் முறை வழியாகவே போகும். சொல்லை வைப்பது, எடுப்பது, இருக்கிறதா என்று கேட்பது மூன்றிலும் வடிவை ஒன்றாக்கினேன்.

இப்போது எப்படி அடித்தாலும் கோர்வை கிடைக்கிறது. சொல் காணோம் என்றால், யாரும் சொல்லவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் தேடின விதத்தையும் ஒருதரம் பார்த்துவிடுகிறேன்.