வீட்டில் காப்பி இறக்கும் முறைகளும் கருவிகளும்

காப்பி இறக்குவது என்பது, வறுத்து அரைத்த காப்பிக்கொட்டையில் நீரில் கரையக்கூடியவற்றை வேண்டிய அளவுக்கு மட்டும் பிரித்தெடுக்கும் வேலை. வறுத்த கொட்டையின் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் நீரில் கரையும். அவ்வளவும் நாவுக்கு உகந்ததல்ல. புளிப்புத் தரும் அமிலங்கள் முந்திக்கொண்டு கரைகின்றன. இனிப்பைத் தருபவை அடுத்து வருகின்றன. கடுங்கசப்பும் துவர்ப்பும் கடைசியில் இறங்குகின்றன. அமெரிக்க வேதியியலாளர் எர்னஸ்ட் லாக்ஹார்ட் 1950களில் செய்த ஆய்வுகளின்படி, தூளின் எடையில் 18 முதல் 22 சதவீதம் வரை நீரில் இறங்கினால் சுவை சீராக இருக்கும். அதற்குக் குறைந்தால் காப்பி புளித்து வெளிறும். மிஞ்சினால் கசந்து தொண்டையைப் பிடிக்கும்.

இங்கே இரண்டு அளவுகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தூளிலிருந்து எவ்வளவு இறங்கியது என்பது ஒன்று. இறங்கியது எவ்வளவு நீரில் கரைந்திருக்கிறது, அதாவது திடம், என்பது வேறு. கள்ளிச்சொட்டாக இறங்கும் டிக்காஷன் திடத்தில் மிகுந்தது. ஆனாலும் அந்தத் தூளில் இன்னும் இறங்க வேண்டியது மிச்சம் இருக்கலாம். கருவிகளை ஒப்பிடும்போது எழும் பல வாதங்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால் வருபவை.

எந்தக் கருவியானாலும் சுவையை முடிவு செய்பவை ஐந்து: தூளின் பருமன், தூளுக்கும் நீருக்கும் உள்ள விகிதம், நீரின் வெப்பம், நீரும் தூளும் சேர்ந்திருக்கும் நேரம், வடிகட்டும் பொருள். கருவி என்பது இந்த ஐந்தையும் ஒரு குறிப்பிட்ட வகையில் கட்டிவைக்கும் ஏற்பாடு.

அரைப்பும் நீரும்

வீட்டுக் காப்பியில் மிகப் பெரிய மாற்றத்தைத் தருவது இறக்கும் கருவி அல்ல, அரைக்கும் கருவி. மிக்ஸியின் பிளேடு கொட்டையை வெட்டிச் சிதறடிக்கிறது. விளைவாக மாவு போன்ற பொடியும் குருணையும் ஒரே ஜாரில் கலந்து கிடக்கும். நீர் ஊற்றியதும் பொடி சீக்கிரமே கசப்பை விட்டுவிடுகிறது. குருணையோ பாதிகூட இறங்காமல் நிற்கிறது. ஒரே கோப்பையில் புளிப்பும் கசப்பும் சேர்ந்து வருவதற்கு இதுவே காரணம். பல் வெட்டிய இரண்டு பரப்புகளுக்கு இடையே கொட்டையை நசுக்கும் அரைவைக் கருவியில் இடைவெளியை விரும்பியபடி திருகி வைக்கலாம். தூளும் ஏறக்குறைய ஒரே பருமனாக விழும். கையால் சுற்றும் சிறிய கருவியும் இதே தத்துவத்தில் இயங்குவதுதான். விலையுயர்ந்த இயந்திரத்தையும் மிக்ஸித் தூளையும் சேர்த்து வைப்பதைவிட, எளிய கருவியும் நல்ல அரைப்பும் இருப்பது எவ்வளவோ மேல்.

தமிழ்நாட்டுக் காப்பித்தூள் கடைகளில் கண்ணெதிரே அரைத்துத் தரும் வழக்கம் இன்னமும் இருப்பது ஒரு பேறு. ஆனால் கடை இயந்திரம் பெரும்பாலும் ஃபில்டருக்கு ஏற்ற பருமனில் திருகப்பட்டிருக்கும். வேறு கருவி வைத்திருப்பவர் அதைச் சொல்லி அரைக்கச் சொல்வது நல்லது. புதிதாக வறுத்த கொட்டையில் கரியமில வாயு அடைபட்டிருக்கும். சுடுநீர் பட்டதும் தூள் நுரைத்துப் பொங்குவது அந்த வாயு வெளியேறுவதால்தான். பழைய தூள் பொங்காது. தூள் புதியதா என்று அறிய இதைவிட எளிய சோதனை இல்லை.

நீரின் வெப்பம் 90 முதல் 96 பாகை செல்சியஸ் வரை இருப்பது பெரும்பாலான முறைகளுக்குப் பொருந்தும். கடல்மட்டத்தில் உள்ள ஊர்களில் கொதித்த நீரை அரை நிமிடம் ஆறவிட்டு ஊற்றலாம். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகமண்டலத்தில் நீர் 92, 93 பாகையிலேயே கொதித்துவிடுவதால் அங்கே ஆறவிட வேண்டியதில்லை. நீரின் தன்மையும் முக்கியம். கால்சியமும் மக்னீசியமும் ஓரளவு இருந்தால்தான் சுவை நன்கு இறங்கும். பைகார்பனேட் மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் காப்பியின் அமிலத்தை அடக்கிச் சப்பென்று ஆக்கிவிடும். தாதுக்களை முழுதும் நீக்கிய நீரிலும் காப்பி எடுப்பாக இராது.

தென்னிந்திய ஃபில்டர்

ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தும் இரண்டு உருளைப் பாத்திரங்கள், மேல் பாத்திரத்தின் அடியில் நுண்துளைகள், தூளை அமர்த்த நடுவில் காம்பு வைத்த துளைத்தட்டு, ஒரு மூடி: இவ்வளவுதான் கருவி. அசையும் உறுப்போ, காகிதமோ, மின்சாரமோ கிடையாது. முன்பு பித்தளையில் செய்து உள்ளே வெள்ளீயம் பூசினார்கள். இப்போது பெரும்பாலும் எவர்சில்வர்.

இருவருக்கான டிக்காஷனுக்கு 30 கிராம் தூளும் 150 மில்லி நீரும் போதும். தூள் தன் எடையைப் போல இரண்டு மடங்கு நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கீழே 90 மில்லி அளவுக்கே இறங்கும். தூளைச் சமமாகப் பரப்பித் தட்டால் மெல்ல அமர்த்த வேண்டும். அழுத்திவிட்டால் நீர் இறங்காது. அமர்த்தாமல் விட்டால் ஓரமாக வழிந்தோடி வெளிறிய டிக்காஷன் வரும். நீரை நடுவிலிருந்து சுற்றிலும் மெதுவாக ஊற்றி மூடிவைத்தால் கால்மணி நேரத்திலிருந்து அரைமணி நேரத்துக்குள் சொட்டி முடியும்.

டிக்காஷன் இறங்காமல் நின்றுவிடுவது இந்தக் கருவியின் தீராத தொல்லை. தூள் அளவுக்கு மீறி நைசாக இருப்பது ஒரு காரணம். இன்னொன்று அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. இரண்டு பாத்திரங்களும் இறுகப் பொருந்திவிட்டால் கீழே உள்ள காற்று வெளியேற வழியின்றி, இறங்க வேண்டிய நீரைத் தாங்கி நிறுத்திவிடுகிறது. மேல் பாத்திரத்தைச் சற்றே தூக்கி வைத்தால் சொட்டத் தொடங்கும். துளைகள் அடைத்துக்கொண்டிருந்தால் காலிப் பாத்திரத்தின் அடியை அடுப்புத் தீயில் காட்டுவது வீடுகளில் காலங்காலமாக உள்ள வழக்கம். துளைகளில் ஒட்டிய தூள் கருகி உதிர்ந்துவிடும்.

இந்த முறையில் தூளுக்கும் நீருக்கும் உள்ள விகிதம் ஒன்றுக்கு ஐந்து. காகித வடிகட்டி முறையில் அது ஒன்றுக்குப் பதினைந்து, பதினாறு. குறைந்த நீர் ஒரே முறை கடந்து செல்வதால் திடம் கூடுகிறது. ஆனால் தூள் முழுதும் தீர்ந்துபோவதில்லை. இரண்டாம் டிக்காஷன் என்ற பழக்கத்தைச் சிக்கனம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. தூளில் மிஞ்சியிருப்பதை எடுக்கும் சரியான வழி அது. முதல் டிக்காஷனின் மணம் அதில் வராது என்பதும் உண்மையே. ஆறிய டிக்காஷனை நேரடியாக அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவிட்டால் மணம் போய்க் கசப்பு ஏறும். சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்குவதே முறை.

சிக்கரியைக் கலப்படம் என்று ஒதுக்குவோரும், அதில்லாமல் காப்பியே இல்லை என்போரும் உண்டு. சிக்கரிச் செடியின் வேரை வறுத்து அரைத்த இந்தத் தூளில் காஃபீன் கிடையாது. காப்பியைவிட மிகுதியாக நீரில் கரைந்து நிறத்தையும் கொழுமையையும் தரும். நீரில் ஊறி உப்பி, இறங்கும் வேகத்தையும் மட்டுப்படுத்தும். பால் சேர்த்த காப்பியில் 20 சதவீதம் சிக்கரி நன்றாகவே ஒத்துப்போகிறது. பால் இல்லாத காப்பிக்கு அது தேவையில்லை. இந்திய உணவுத் தர விதிகளின்படி கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. விகிதம் பொட்டலத்தில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும்.

வியட்நாமின் ஃபின் என்னும் சிறு வடிகட்டி இதற்கு நெருங்கிய உறவு. அது நேரே கோப்பையின் மேல் அமர்கிறது. ரோபஸ்டா வகையின் கடுமையை அங்கே இனிப்பூட்டிய கெட்டிப்பால் ஈடுகட்டுகிறது.

மோகா பானை

இத்தாலியின் அல்ஃபோன்சோ பியாலெட்டி 1933இல் அறிமுகம் செய்த எண்கோண அலுமினியப் பானை இது. அடிக்கலனில் நீர், நடுவில் தூள் வைக்கும் கூடை, மேலே காப்பி வந்து சேரும் கலன். அடுப்பில் வைத்ததும் அடிக்கலனின் காற்றும் ஆவியும் விரிந்து, நீரைத் தூளின் வழியே மேலே தள்ளுகின்றன. அந்த அழுத்தம் ஏறத்தாழ 1 முதல் 2 பார் வரைதான். ஆகவே இதில் வருவது எஸ்பிரெஸ்ஸோ அல்ல, திடமான காப்பி.

ஐந்து நிமிடத்தில் ஃபில்டர் டிக்காஷனுக்கு ஈடான ஒன்று வேண்டுமென்றால் மோகா பானையே பொருத்தம். காய்ச்சிய பாலோடு நன்கு சேரும். கூடையில் தூளை நிரப்பி வழிக்கலாம், அழுத்தக் கூடாது. அழுத்தினால் பாதுகாப்பு வால்வு வழியாக ஆவி வெளியேறும் நிலை வரும். அடிக்கலனில் ஏற்கெனவே சுட்ட நீரை ஊற்றிச் சிறு தீயில் வைப்பதும், சீறும் ஒலி கேட்டவுடன் இறக்கிவிடுவதும் கசப்பைத் தவிர்க்கும். ஒலி வந்தபின் மேலேறுவது பெரும்பாலும் ஆவி. அது தூளைச் சுட்டுக் கசப்பைக் கொண்டுவருகிறது. அலுமினியப் பானை இண்டக்‌ஷன் அடுப்பில் இயங்காது. அதற்கெனத் தனியே எவர்சில்வரில் வருபவை உண்டு.

காகித வடிகட்டி

ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் வாழ்ந்த மெலிட்டா பென்ட்ஸ், கோப்பையில் கசடும் கசப்பும் தங்குவது பிடிக்காமல், துளையிட்ட பித்தளைக் குவளையில் மகனின் பள்ளி நோட்டிலிருந்த மை ஒற்றும் தாளை வைத்து வடித்துப் பார்த்தார். 1908இல் அதற்கு உரிமை பதிவு பெற்றார். இன்று வழங்கும் கூம்பு வடிகட்டிகள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. வேதியியலாளர் பீட்டர் ஷ்லும்போம் 1941இல் உருவாக்கிய கெமெக்ஸ் கண்ணாடிக் குடுவை தடித்த தாளைக் கொண்டது. ஜப்பானின் ஹாரியோ நிறுவனத்தின் வி60, அறுபது பாகைக் கூம்பும் உட்புறச் சுழல் வரிகளும் உடையது.

இம்முறையில் எல்லாம் கைப்பக்குவம். தூள் நனையும் அளவுக்கு முதலில் நீர் ஊற்றி அரை நிமிடம் பொங்கவிட்டு, பிறகு மெல்லிய தாரையாகச் சுற்றி ஊற்றி, மூன்று நான்கு நிமிடங்களில் முடிக்க வேண்டும். 15 கிராம் தூளுக்கு 240 மில்லி நீர் நல்ல தொடக்கம். காகிதம் எண்ணெயையும் நுண்பொடியையும் பிடித்துக்கொள்வதால் தெளிவான காப்பி வரும். ஏற்காட்டுக் கொட்டைக்கும் சிக்கமகளூர்க் கொட்டைக்கும் உள்ள வேறுபாட்டை நாவால் அறிய விரும்புவோருக்கு இதற்கு இணையான முறை இல்லை. ஆனால் இந்தக் காப்பியில் பால் ஊற்றினால் நீர்த்துப்போகும். தமிழ்நாட்டு வீடுகளில் இந்த முறை ஏமாற்றம் தருவது பெரும்பாலும் இதனால்தான்.

ஊறவைக்கும் முறைகள்

மேலே கண்டவற்றில் நீர் தூளைக் கடந்து செல்கிறது. பிரெஞ்ச் பிரஸ்ஸில் தூளும் நீரும் சேர்ந்தே இருக்கின்றன. பெயர் பிரெஞ்சாயினும் இன்றைய வடிவத்தை ஒத்த கருவிக்கு 1929இல் உரிமை பதிவு செய்தவர்கள் இத்தாலியர்களான கலிமானியும் மொனேட்டாவும். ஒரு லிட்டருக்கு 60 கிராம் என்ற கணக்கில் கொரகொரப்பான தூளைப் போட்டு, நான்கு நிமிடம் ஊறவிட்டு, கம்பிச் சல்லடையால் தூளைக் கீழே தள்ளி ஊற்றிக்கொள்ளலாம். தவறுக்கு இடம் மிகக் குறைவான கருவி இது. அடியில் சிறிது கசடு வருவதைத் தவிர்க்க முடியாது.

பறக்கும் வளைய விளையாட்டுப் பொருளால் அறியப்பட்ட ஆலன் ஆட்லர் 2005இல் வெளியிட்ட ஏரோபிரஸ், ஊறவைத்து ஒரு காகித வட்டின் வழியே கையால் அழுத்தி இறக்கும் குழாய். ஒருவருக்கும் பயணத்துக்கும் ஏற்றது. துருக்கி முறையில் மாவாக அரைத்த தூளை வடிகட்டாமலே சிறு செம்பில் பொங்கவிடுவார்கள். அந்தக் காப்பிப் பண்பாட்டை யுனெஸ்கோ 2013இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. குளிர்நீரில் 12 மணி நேரத்துக்கு மேல் ஊறவைப்பதில் புளிப்பு குறையும், மணமும் குறையும்.

எஸ்பிரெஸ்ஸோ

9 பார் அழுத்தத்தில், 18 கிராம் நுண்தூளிலிருந்து 36 கிராம் அளவுக்குக் காப்பியை 25, 30 நொடிகளில் எடுப்பது இந்த முறை. ஆவியால் இயங்கும் இயந்திரத்துக்கு டூரின் நகரின் ஆஞ்சலோ மொரியொண்டோ 1884இல் உரிமை பதிவு பெற்றார். நெம்புகோலால் உயர் அழுத்தம் தந்து, மேலே பொன்னிற நுரை படியும் காப்பியைப் பரவச் செய்தது மிலானின் அக்கீலே கஜ்ஜா, 1940களின் பிற்பகுதியில். வீட்டுக்கு வாங்குவோர் கவனிக்க வேண்டியது, பெட்டியில் எழுதியிருக்கும் 15 பார், 20 பார் என்ற எண்ணை அல்ல. அது பம்பின் உச்சத் திறன் மட்டுமே. வெப்பம் நிலையாக நிற்கிறதா என்பதும், தூளை மிக நுண்ணிய படிகளில் மாற்றி அரைக்கும் கருவி கூடவே இருக்கிறதா என்பதுமே முக்கியம். அரைவைக் கருவி இல்லாத எஸ்பிரெஸ்ஸோ இயந்திரம் வீண் செலவு.

தேர்வும் பராமரிப்பும்

பாலோடு குடிக்கும் வீட்டுக்கு ஃபில்டர், மோகா பானை, எஸ்பிரெஸ்ஸோ ஆகிய மூன்றும் உகந்தவை. இவற்றில் ஃபில்டரின் விலை மிகக் குறைவு. நேரம் மட்டுமே அதிகம். அதையும் இரவே இறக்கி வைத்துச் சமாளிக்கலாம். கறுப்புக் காப்பி குடிப்போருக்குக் காகிதமோ பிரெஞ்ச் பிரஸ்ஸோ போதும். இரத்தத்தில் கொழுப்பு மிகுந்தவர்கள் வடிகட்டும் பொருளைக் கவனிப்பது நல்லது. காப்பி எண்ணெயில் உள்ள கஃபெஸ்டால் கெட்ட கொலஸ்ட்ராலை உயர்த்தக்கூடியது. காகிதம் அதைப் பெருமளவு தடுக்கிறது. கம்பிச் சல்லடை தடுப்பதில்லை.

காப்பி எண்ணெய் பாத்திரத்தில் படிந்து காறல் வாடை ஏறும் என்பதால் எல்லாக் கருவிகளையும் உடனுக்குடன் சுடுநீரில் கழுவி உலர்த்த வேண்டும். மோகா பானையின் ரப்பர் வளையம் இறுகினால் ஆவி கசியும். அப்போது மாற்றிவிட வேண்டும். கடின நீர் உள்ள ஊர்களில் எஸ்பிரெஸ்ஸோ இயந்திரத்தின் உள்ளே படியும் சுண்ணாம்பைச் சிட்ரிக் அமிலக் கரைசலால் நீக்கலாம். தூளை ஈரமும் வெளிச்சமும் படாத, காற்றுப்புகாத டப்பாவில் வைத்து, ஓரிரு வாரத் தேவைக்கு மட்டும் அரைத்து வாங்குவது நல்லது. குளிர்பதனப் பெட்டியில் வைத்து அடிக்கடி வெளியே எடுத்தால் ஈரம் ஏறி மணம் போய்விடும்.