போடாத உத்தரவும் மினமாட்டா மீனும்

பி.காம் முதல் வருஷம் அக்கவுண்டன்சியில் ஒரு பாடம் வரும். ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டதாலேயே கணக்கு சரி என்று அர்த்தம் இல்லை. ஒரு பில்லை எந்தப் புத்தகத்திலும் ஏற்றாமல் விட்டுவிட்டால் அது பற்றிலும் வராது, வரவிலும் வராது. இரண்டு பக்கமும் அழகாகச் சமமாக நிற்கும். இதற்கு 'எரர் ஆஃப் ஒமிஷன்' என்று பெயர். தப்பாக எழுதியதை எப்படியாவது கண்டுபிடித்து விடலாம். எழுதாமல் விட்டதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

அரசாங்க உத்தரவுகளின் வரலாறும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. போட்ட உத்தரவுகளுக்குப் பக்கம் பக்கமாகக் கணக்கு இருக்கிறது. போடாமல் விட்ட உத்தரவுகள் கணக்கிலேயே வருவதில்லை. அப்படி விட்டுப்போன ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதில் மீனும் உண்டு.

முதலில் போட்ட உத்தரவுகள்

அமெரிக்க அதிபருக்கு ஒரு வசதி உண்டு. நாடாளுமன்றத்தில் ஓட்டுக்கு விடாமலே, தன் கையெழுத்தால் நிர்வாக உத்தரவு பிறப்பிக்கலாம். 1863-ல் லிங்கன் அடிமை விடுதலைப் பிரகடனம் செய்தது இந்த மாதிரிக் கையெழுத்தால்தான். 1942 பிப்ரவரியில் ரூஸ்வெல்ட் போட்ட 9066-ஆம் உத்தரவால் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அதுவும் ஒரு கையெழுத்துதான். ரூஸ்வெல்ட் மட்டும் 3,700-க்கு மேல் போட்டிருக்கிறார். 1952-ல் ட்ரூமன் இரும்பு ஆலைகளை உத்தரவு போட்டு எடுத்துக்கொண்டபோது, அவர்கள் ஊர் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது.

நம் நாட்டில் அரசியல் சட்டத்தின் 123-ஆவது பிரிவு குடியரசுத் தலைவருக்கு அவசரச் சட்டம் போடும் அதிகாரத்தைத் தருகிறது. அமைச்சரவை சொன்னால்தான் கையெழுத்து. நாடாளுமன்றம் மறுபடி கூடிய ஆறு வாரத்துக்குள் சட்டமாக்காவிட்டால் காலாவதி. 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் நாட்டுடைமை ஆனது அவசரச் சட்டத்தால்தான். அன்று கையெழுத்திட்டவர் தற்காலிகக் குடியரசுத் தலைவராக இருந்த வி.வி.கிரி. நம் சிலபஸில் தேதி மட்டும் இருக்கும், இந்தக் கதை இருக்காது. :-) பீகாரில் இன்னும் மோசம். அங்கே ஆளுநர் 1967 முதல் 1981 வரை 256 அவசரச் சட்டங்கள் போட்டு, பலவற்றைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்ததை டி.சி.வாத்வா என்ற ஆய்வாளர் கண்டுபிடித்து உச்ச நீதிமன்றம் வரை போனார். இது அரசியல் சட்டத்தையே ஏமாற்றும் வேலை என்ற வகையில் தீர்ப்பும் வந்தது.

இவை எல்லாம் தெரிந்த கதைகள். அதிகாரத்தில் இருப்பவர் அளவுக்கு மீறி எழுதினால் கோர்ட் இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது. எழுத வேண்டிய இடத்தில் எழுதாமல் இருந்தால்?

1957, மினமாட்டா

ஜப்பானின் தெற்கே கியூஷு தீவில் மினமாட்டா என்ற கடலோர ஊர். ஊரின் பெரிய வேலை தரும் கம்பெனி சிஸ்ஸோ என்ற ரசாயன ஆலை. 1932 முதல் அங்கே அசெட்டால்டிஹைடு தயாரிக்கப் பாதரசத்தைப் பயன்படுத்தினார்கள். கழிவு நேராக வளைகுடாவுக்குப் போனது.

முதலில் பூனைகள் ஆட ஆரம்பித்தன. தள்ளாடி, சுழன்று, செத்து விழுந்தன. பிறகு மனிதர்கள். கை கால் நடுக்கம், பேச்சுக் குழறல், பார்வை சுருங்குதல். 1956 ஏப்ரலில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை ஆலையின் மருத்துவமனைக்கே கொண்டு வந்தார்கள். மே 1 அன்று அந்த மருத்துவமனையின் டாக்டர் ஹோசோகாவா சுகாதார நிலையத்துக்குத் தகவல் கொடுத்தார். அந்த வருஷ நவம்பருக்குள்ளேயே, இது தொற்றுநோய் அல்ல, ஏதோ கன உலோகம், மீன் சிப்பி வழியாக உடம்புக்குள் போகிறது என்று குமமோட்டோ பல்கலைக்கழகக் குழு சொல்லிவிட்டது. 1957-ல் சுகாதார நிலையத் தலைவர் இட்டோ, வளைகுடா மீனைப் பூனைகளுக்குப் போட்டுப் பார்த்தார். பூனைகளுக்கு அதே நோய் வந்தது.

எந்த உலோகம் என்று அப்போது தெரியாது. மீன் என்று தெரியும்.

குமமோட்டோ மாகாண நிர்வாகம், உணவுச் சுகாதாரச் சட்டத்தின்படி அந்த மீனுக்குத் தடை போடலாமா என்று மத்திய சுகாதார அமைச்சகத்தைக் கேட்டது. 1957 செப்டம்பரில் பதில் வந்தது. வளைகுடாவில் உள்ள மீன் எல்லாமே விஷமாகிவிட்டது என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை, ஆகவே சட்டத்தைப் பயன்படுத்த முடியாது என்பதுதான் பதிலின் சாரம்.

எல்லா மீனும் விஷம் என்று யாரால் நிரூபிக்க முடியும்? ஒவ்வொரு மீனையும் பிடித்துச் சோதித்தால்தான் உண்டு! இத்தனைக்கும் 1949-ல் அதே நாட்டில், ஹமனா ஏரிச் சிப்பி சாப்பிட்டு மக்கள் செத்தபோது, எந்த விஷம் என்று தெரியாத நிலையிலேயே ஷிசுவோகா மாகாணம் அதே சட்டத்தைப் பயன்படுத்தித் தடை போட்டிருக்கிறது. சிப்பி விஷயத்தில் எதிரே பெரிய ஆலை எதுவும் இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

மினமாட்டாவில் மீனவர்களிடம் 'நீங்களாகவே பிடிக்காமல் இருங்கள்' என்று கேட்டுக்கொண்டதோடு சரி. தடை இல்லை என்றால் நஷ்ட ஈடும் இல்லை. வேறு சாப்பாட்டுக்கு வழி இல்லாத குடும்பங்கள் அதே மீனைத்தான் சாப்பிட்டன. 1959-ல் காரணம் பாதரசம் என்று தெரிந்தது. ஆலை அந்தத் தயாரிப்பை நிறுத்தியது 1968-ல். அதற்கிடையே 1965-ல் நிகாட்டா என்ற இன்னொரு ஊரில், இன்னொரு ஆலையால், இதே நோய் வந்தது.

2004 அக்டோபரில் ஜப்பான் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கழிவுநீரைக் கட்டுப்படுத்தச் சட்ட அதிகாரம் கையில் இருந்தும் 1960 ஜனவரியிலிருந்து அதைப் பயன்படுத்தாமல் இருந்தது சட்டவிரோதம், அரசும் மாகாணமும் பொறுப்பு என்றது. விடுபட்ட பிழை கணக்கில் ஏறுவதற்கு 44 வருஷம் ஆகியிருக்கிறது. அதற்குள் அதிகாரபூர்வ நோயாளிகள் என்று அங்கீகரிக்கப்பட்ட 2,200-க்கு மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் உயிரோடு இல்லை.

ஒரு மாணவன் கண்டுபிடித்த ஏரி

இதற்கு நேர்மாறான ஒரு கதையும் உண்டு. 1970-ல் கனடாவில் நார்வே நாட்டு ஆராய்ச்சி மாணவர் நார்வால்ட் ஃபிம்ரைட், கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவில் இருக்கும் செயின்ட் கிளேர் ஏரி மீனில் பாதரசம் மிக அதிகமாக இருப்பதைக் கண்டுபிடித்தார். சில மாதம் கூட ஆகவில்லை, ஒன்டாரியோ அரசு அங்கே மீன்பிடிப்பை நிறுத்தியது. எதிர்க்கரையில் மிச்சிகன் மாநிலமும் தடை போட்டது. ஆலைகளின் கழிவும் கட்டுப்படுத்தப்பட்டது. அடுத்தடுத்த வருஷங்களில் அந்த ஏரி மீனில் பாதரசம் நன்றாகக் குறைந்தது. அங்கேயும் மீனவர்களுக்கு நஷ்டம்தான். ஆனால் இன்னொரு மினமாட்டா உருவாகவில்லை.

சரி, மீன் சாப்பிடலாமா கூடாதா?

சாப்பிடலாம். எந்த மீன் என்று பார்த்துச் சாப்பிட வேண்டும். நீரில் விழும் பாதரசத்தை அடிச்சேற்றில் இருக்கும் பாக்டீரியா மெத்தில் பாதரசமாக மாற்றுகிறது. அதைப் பாசியும் நுண்ணுயிரும் எடுத்துக்கொள்ளும், அவற்றைச் சின்ன மீன் தின்னும், சின்ன மீனைப் பெரிய மீன் தின்னும். ஒவ்வொரு படியிலும் வட்டிக்கு வட்டி போல ஏறிக்கொண்டே போகும். அதனால் சுறா, வஞ்சிரம், பெரிய சூரை மாதிரி வேட்டை மீன்களில் அதிகம். மத்தி, நெத்திலி போன்றவற்றில் குறைவு. நல்ல வேளை, பாக்கெட்டுக்கும் மத்திதான் கட்டுப்படியாகும். :-)

ஒன்றை மறக்கக் கூடாது. இது செவுளிலோ செதிலிலோ ஒட்டியிருப்பது இல்லை, சதையிலேயே சேர்ந்திருப்பது. மஞ்சள் போட்டு எத்தனை முறை அலசினாலும், புளி ஊற்றி எவ்வளவு நேரம் கொதிக்க விட்டாலும் போகாது. வாசனையிலும் தெரியாது. மூளை வளரும் பருவம் என்பதால் கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். மினமாட்டாவில் தாய்க்குப் பெரிதாக ஒன்றும் தெரியாமல், வயிற்றில் இருந்த குழந்தை பாதிக்கப்பட்டுப் பிறந்தது.

கண்ணால் பார்த்து, மோந்து, வாங்குபவரே முடிவு செய்ய முடியாத விஷம் இது. சோதித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அதற்குத்தான் அரசாங்கம்.

கையெழுத்தால் தள்ளிப்போடுவது

பாதரசம் ரசாயன ஆலைகளில் இருந்து மட்டும் வருவதில்லை. நிலக்கரியிலும் கொஞ்சம் இருக்கிறது. எரித்தால் புகைபோக்கி வழியாக வெளியே போய், மழையோடு ஏரியில் இறங்கும். அமெரிக்காவில் 2012-ல் அனல் மின் நிலையங்களுக்குப் பாதரச வரம்பு வந்தது. அதில் லிக்னைட், அதாவது நம் பழுப்பு நிலக்கரி எரிக்கும் ஆலைகளுக்கு மட்டும் மற்றவற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் தளர்வு. 2024-ல் அந்தச் சலுகையை எடுத்துவிட்டு எல்லாருக்கும் ஒரே வரம்பு என்றார்கள். 2025 ஏப்ரல் 8 அன்று அதிபர் ட்ரம்ப் ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டு, பட்டியலில் உள்ள நிலக்கரி ஆலைகளுக்குப் புதிய விதியிலிருந்து இரண்டு வருஷ விலக்குக் கொடுத்தார். சட்டத்திலேயே அப்படி ஒரு வழி இருக்கிறது. மீன் என்ற வார்த்தையே இல்லாத உத்தரவு, ஆனால் போய்ச் சேரும் இடம் மீன்.

நம் ஊரில் இதற்குப் பெயர் அறிவிக்கை. 1986-ஆம் வருஷச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டால் போதும், நாடாளுமன்ற விவாதம் வரை காத்திருக்க வேண்டாம். அப்படி 2015 டிசம்பர் 7 அன்று அனல் மின் நிலையங்களுக்குப் புதிய வரம்புகள் வந்தன. பாதரசத்துக்கு ஒரு கன மீட்டருக்கு 0.03 மில்லிகிராம். கெடு இரண்டு வருஷம். பிறகு கந்தக டை ஆக்சைடு வரம்புக்கான கெடு தள்ளிக்கொண்டே போனது. 2021, 2022, 2024 என்று ஒவ்வொரு தடவையும் புது அறிவிக்கை. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தகத்தை நீக்கும் கருவியே கட்டாயமில்லை என்று ஆகிவிட்டது. அந்தக் கருவி பாதரசத்திலும் ஒரு பகுதியைப் பிடித்து நிறுத்தும் என்பது பலருக்குத் தெரியாது.

நெய்வேலிக்கு வருவோம். மினமாட்டா நோய் அறிவிக்கப்பட்ட அதே 1956-ல்தான் இங்கே நிறுவனம் பதிவானது. அமைச்சகம் அந்தப் பதிலை எழுதிய 1957-ல்தான் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். இந்த ஊரே அந்தக் கரியால் வந்தது. வடக்குத்தில் கடை வைத்திருப்பவரும் அதனால்தான் பிழைக்கிறார். அதை மறந்துவிட்டுப் பேசினால் நன்றி கெட்டதனம். ஆனாலும் 2015 அறிவிக்கையில் ஒரு வரியைப் பாருங்கள். 2003-க்குள் நிறுவிய யூனிட்டுகளில் 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு மட்டுமே பாதரச வரம்பு வைத்தார்கள். நெய்வேலி இரண்டாம் அனல் மின் நிலையத்தின் ஏழு யூனிட்டும் அதற்கு முன்பே வந்தவை, ஒவ்வொன்றும் 210 மெகாவாட். யாரும் எந்த விதியையும் மீறவில்லை. டேலி ஆகிவிட்டது!

2023-ல் பூவுலகின் நண்பர்களும் மந்தன் அத்யயன் கேந்திராவும் நெய்வேலி, பரங்கிப்பேட்டைப் பகுதிகளில் நீரையும் மண்ணையும் சோதித்து வெளியிட்ட அறிக்கையில், சில இடங்களில் குடிநீர் வரம்பான லிட்டருக்கு 0.001 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருப்பதாகச் சொன்னார்கள். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே முன்வந்து அதை வழக்காக எடுத்தது. சுரங்க நீர் போய்ச் சேரும் வாலாஜா ஏரியிலும் பெருமாள் ஏரியிலும் மீன் பிடிக்கிறார்கள். அதை வாங்கிக் குழம்பு வைக்கிறோம்.

அந்த மீன் கெட்டது என்று நான் சொல்லவில்லை. யாரும் பயந்து மீன்காரம்மாவிடம் வாங்குவதை நிறுத்த வேண்டாம். அமெரிக்காவில் எந்த ஏரியில் எந்த மீனை மாதத்துக்கு எத்தனை தடவை சாப்பிடலாம் என்று மாநில அரசுகளே பட்டியல் போடுகின்றன. அந்த மாதிரி ஒரு பட்டியல் போட அவசரச் சட்டம் வேண்டாம், குடியரசுத் தலைவர் கையெழுத்து வேண்டாம். வருஷத்துக்கு ஒரு முறை மீனைச் சோதித்து, முடிவைத் தமிழில் ஏரிக்கரையில் ஒரு பலகையில் எழுதி வைக்க ஒரு மாவட்ட அளவிலான உத்தரவு போதும். நல்ல மீன் என்றால் மீனவருக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் இல்லை. இல்லை என்றால், 1957-லேயே போட்டிருக்க வேண்டிய உத்தரவு எதுவென்று நமக்கு ஏற்கனவே தெரியும்.

உங்கள் ஊர் ஏரியில் அப்படி ஒரு பலகை இருந்தால் சொல்லுங்கள். நானும் வந்து பார்க்கிறேன்.