பிசின் தரும் காடு

கிரீஸ் தேசத்துக் கோடையை முதலில் காதால்தான் அறிந்துகொள்ள வேண்டும். காலையில் சிள்வண்டுகள் ஆரம்பித்தால் சூரியன் சாயும்வரை ஓய்வதில்லை. ஈசாப் கதையில் பாடிப் பாடிப் பொழுதைப் போக்கிவிட்டுக் குளிர்காலத்தில் எறும்பிடம் கையேந்தியது வெட்டுக்கிளி என்றுதான் நாம் படித்திருக்கிறோம். மூலக்கதையில் அது சிள்வண்டு. வட ஐரோப்பாக்காரர்களுக்கு அந்தப் பூச்சி பழக்கமில்லை, மாற்றிவிட்டார்கள். நமக்கு நன்றாகத் தெரிந்த பூச்சியைத் தெரியாதவர்கள் திருத்தி நமக்கே கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்!

2023 ஜூலையில் எவியாத் தீவின் வடக்கே ஒரு மலைக் கிராமத்தில் பன்னிரண்டு நாள் தங்கியிருந்தேன். வீட்டுக்காரக் கிழவருக்கு வயது எழுபத்து நான்கு. பைன் மரத்தில் பிசின் எடுப்பது தொழில். ஏதென்ஸில் படிக்கும் பேரன் லீவுக்கு வந்திருந்தான். எங்களுக்கு நடுவே அவன்தான் பாலம்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் தெருவில் ஈ காக்காய் இராது. வெயில் தாழ்ந்த பிறகுதான் காபிக்கடை வாசலில் நாற்காலிகள் நிரம்பும். இருட்டியதும் ஒரு சின்ன ஆந்தை, ஒரே சுரத்தில், விட்டு விட்டுக் கூப்பிடும். உடன்பிறந்தவனைக் கொன்றவன் பறவையாகி அவன் பெயரைச் சொல்லி அழைக்கிறானாம். நம் ஊரிலும் அக்காவைத் தேடுகிற குருவி ஒன்று உண்டல்லவா? சாயங்காலந்தோறும் திராட்சைப் பந்தலடிக்கு ஓர் ஆமை வரும். கிழவர் போடும் தர்ப்பூசணித் தோலைத் தின்றுவிட்டு, அவசரமில்லாமல் போகும். அதன் ஓட்டில் ஒரு பக்கம் கருகியிருந்தது.

வட எவியாவில் 2021 ஆகஸ்டு 3ஆம் தேதி பிடித்த தீயின் தழும்பு அது. சுமார் 50,000 ஹெக்டேர், அதாவது 1,20,000 ஏக்கருக்கு மேல், எரிந்துபோயிற்று. லிம்னி கரையிலிருந்து படகுகளில் ஜனங்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். 2018இல் ஏதென்ஸுக்கு அருகே மாத்தி என்ற கடலோர ஊரில் 104 பேர் தீயில் மாண்டதிலிருந்து சர்க்காருக்குப் பயம். உடனே வெளியேறுங்கள் என்று கைபேசியில் உத்தரவு வந்துவிடுகிறது. பல கிராமங்களில் உத்தரவை மீறி, கிளையையும் குழாயையும் எடுத்துக்கொண்டு நின்றவர்கள்தாம் வீடுகளைக் காப்பாற்றினார்கள். சர்க்காரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிழவருக்கு வந்தது.

காட்டுத்தீ அந்நாட்டுக்குப் புதிதன்று. கி.மு. 429இல் பிளாட்டியா நகரை முற்றுகையிட்டவர்கள் விறகைக் குவித்து, கந்தகமும் கீலும் போட்டுக் கொளுத்தியதைச் சரித்திராசிரியர் தூசிடைடிஸ் எழுதியிருக்கிறார். மனிதன் மூட்டிய தீயில் அவ்வளவு பெரியதை அதுவரை யாரும் கண்டதில்லையாம். எழுதியவர் அதோடு நிற்காமல், மலைக் காடுகளில் காற்றினால் மரத்தோடு மரம் உரசித் தானே தீப்பிடிப்பதும் உண்டு என்று சேர்த்துக்கொள்கிறார். மூங்கில் உரசிக் காடு எரிந்த கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு, இரண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்தைய அந்த மனிதர் அடுத்த வீட்டுக்காரர் போலத் தோன்றினார்.

ஆனால் பழைய தீ வேறு, இப்போதைய தீ வேறு. 2021இல் முப்பது வருஷமாகக் காணாத வெயில் என்பது வாஸ்தவந்தான். அதற்கு விறகு அடுக்கி வைத்தது வேறொரு சமாசாரம். 1950களிலும் 60களிலும் மலைக் கிராமத்து வாலிபர்கள் ஏதென்ஸுக்கும் ஜெர்மனிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கிளம்பிப் போய்விட்டார்கள். படிப்படியாக வெட்டிய மலை வயல்களில் பைன் ஏறியது. புதரைத் தின்ன ஆடு இல்லை. சுள்ளி பொறுக்க ஆள் இல்லை. அடுப்புக்குக் காஸ் வந்துவிட்டது. காடு செழித்தது என்று தூரத்திலிருந்து பார்ப்பவன் மகிழ்ந்திருப்பான். போதாக்குறைக்கு 1998இல் காட்டுத்தீயை அணைக்கும் பொறுப்பை வன இலாகாவிடமிருந்து எடுத்துத் தீயணைப்புப் படைக்குக் கொடுத்தார்கள். வண்டி உண்டு, விமானம் உண்டு. ஒற்றையடிப் பாதை தெரிந்த ஆள்தான் இல்லை.

வட எவியாவில் மிஞ்சியிருந்தவர்கள் பிசின்காரர்கள். நாட்டின் பிசினில் பெரும்பகுதி அங்கிருந்துதான் போயிற்று. பட்டையைக் கீறிப் பை கட்டி, மரம் மரமாகத் திரும்பத் திரும்பப் போகிறவன் பாதையைச் சுத்தமாக வைத்திருப்பான். புகை எழுந்தால் முதலில் அவன் மூக்குக்குத்தான் தெரியும். "எனக்கு அந்தக் காட்டில் ஒவ்வொரு மரத்தையும் தெரியும்" என்றார் கிழவர். தீக்குப் பிறகு பிசின்காரர்களைச் சர்க்கார் காட்டு வேலைக்கு அமர்த்தியது. அவர் மகன் அதில் இருக்கிறார்.

எரிந்த சரிவுக்கு ஒருநாள் அழைத்துப்போனார். அந்தப் பைனின் காய்களில் பல நெருப்பின் சூட்டில்தான் வாய் திறந்து விதையைக் கொட்டும். கரிந்த கட்டைகளுக்கு நடுவே நெருக்கமாகக் கன்றுகள், முழங்காலுக்கும் கீழே. மிதிபடாமல் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தார். இவை எப்போது பிசின் தரும் என்று கேட்டேன். முப்பது வருஷம் என்று பேரன் மொழிபெயர்த்தான். கிழவர் என்னைப் பார்க்கவில்லை.

நான் ஊர் திரும்பிய மறுமாதமே வடகிழக்கு மூலையில் ஈவ்ரோஸ் பிரதேசம் பற்றிக்கொண்டது. கருங்கழுகுகள் கூடு கட்டும் தாதியா காடும் அதில் அகப்பட்டது. 80,000 ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. ஐரோப்பிய யூனியனில் பதிவானவற்றுள் அதுவே மிகப் பெரிய தீ. அவந்தாஸ் கிராமத்துக்கு அருகே ஒரே நாளில் 18 பிணங்கள் கிடைத்தன. துருக்கி எல்லை தாண்டி வந்து காட்டில் ஒளிந்திருந்தவர்கள் என்றார்கள்.  ஊரில் யாரையும் காணோம் என்ற புகார் இல்லை.

பேரனுக்குக் கடிதம் எழுதினேன். தாத்தா டெலிவிஷன் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறார், ஆமைக்குத் தோல் போடக்கூட எழுந்திருக்கவில்லை, நான்தான் போட்டேன் என்று பதில் வந்தது.